மார்கழியில் ஒரு துறைமுகம்

ஜவளகிரி பஸ் நிறுத்தத்துப் போண்டாக் கடையில் மார்கழி மாதம் வெயில் தாழ்வதற்கு முன்பே அடுப்புப் பற்றவைத்துவிடுவார்கள். காட்டுப் பக்கமிருந்து வாடை இறங்குகிற நேரம் அது. தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் அந்த அடுப்பண்டை ஒரு நிமிஷம் நின்று உள்ளங்கையைச் சூடு காட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு நடப்பார்கள். சென்ற வாரம் நானும் நின்றேன். கடலை மாவு எண்ணெயில் விழுந்து பொரிகிற வாசனை எழுந்தது. பக்கத்தில் சளி பிடித்த ஒருவருக்காகக் கடைக்காரர் டீயில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தார். இரண்டு வாசனையும் கலந்ததும் நான் நிற்கிற இடம் மறந்துபோயிற்று. மத்தியதரைக் கடலில், சிசிலித் தீவில், பலெர்மோ என்கிற துறைமுக நகரத்தின் சந்தைச் சந்தில், மழைத் தூறலில், கையில் சூடான ரொட்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

அந்த ஊரில் கடலை மாவைத் தண்ணீரில் கரைத்துக் களிபோல் கிண்டி, மெல்லிசாகப் பரப்பி, ஆறியதும் துண்டு போட்டு எண்ணெயில் பொரிக்கிறார்கள். பனெல்லே என்று பெயர். எள் தூவிய ரொட்டியைப் பிளந்து நாலைந்து துண்டுகளை உள்ளே வைத்து, மேலே எலுமிச்சை பிழிந்து தருவார்கள். ஏழை பணக்காரர் எல்லாரும் தெருவில் நின்றபடியே தின்பார்கள். வடக்கு இத்தாலியில் மாதக்கணக்காகப் பாலாடைக்கட்டியும் வேகவைத்த மாவுப் பண்டமும் தின்று நாக்கு மரத்துப்போயிருந்த எனக்கு அந்த முதல் கடி என்ன தந்தது என்பதை ஊரை விட்டுப் போய்ப் பட்டினி கிடந்தவர்கள் அறிவார்கள்.

லிரா நோட்டு புழங்கிய காலம். ஓசூர் சிப்காட்டில் நான் வேலை பார்த்த தொழிற்சாலை, இத்தாலியில் போலோன்யா நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியிடம் கிரைண்டிங் மெஷின்கள் வாங்கியது. அவற்றை ஓட்டவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டு வரச்சொல்லி என்னை அனுப்பினார்கள். எங்கள் தெருவிலிருந்து விமானம் ஏறிய முதல் ஆள் நான்தான். அம்மா ராகி மாவைத் துணிப்பையில் கட்டிக் கொடுத்தாள். அதைக் கிண்ட அங்கே பாத்திரம் கிடைக்குமா என்பதுதான் அவளுடைய பெரிய கவலை.

போலோன்யாச் சமவெளியின் குளிர்காலம் மூடுபனியால் ஆனது. காலையில் தொழிற்சாலைக்கு நடந்தால் எதிரே வருகிறவரின் முகம் தெரியாது. பத்து மணிக்கு மேலும் விளக்கு எரியும். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஆலையைப் பூட்டினால் ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்துதான் திறப்பார்கள். எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போய்விட, அந்த மூடுபனிக்குள் தனியாக என்ன செய்வது என்று நான் திகைத்திருந்தபோது எங்கள் ஃபோர்மேன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். பனெத்தோனே என்கிற கிறிஸ்துமஸ் கேக். அவர் பலெர்மோக்காரர். தெற்கில் வேலை இல்லாமல் வடக்கத்தித் தொழிற்சாலைகளுக்கு ரயிலேறி வந்த லட்சக்கணக்கான தென்னித்தாலியர்களில் ஒருவர். வருஷா வருஷம் அம்மாவைப் பார்க்கப் போகிறவர், அந்த வருஷம் மனைவிக்குப் பேறுகாலம் நெருங்கியதால் போக முடியவில்லை. “இதை என் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வா. கடலைப் பார்ப்பாய். வெளிச்சத்தையும் பார்ப்பாய்” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “அங்கே உன்னைப்போல் ஒருவர் இருக்கிறார்” என்று சேர்த்துக்கொண்டார். அதற்கு மேல் விளக்கவில்லை.

நேப்பிள்ஸ் வரை ரயில். அங்கிருந்து இராத்திரிக் கப்பல். கோடையில் அந்தக் கப்பலில் டெக்கில் படுக்கக்கூட இடம் இருக்காது என்று பின்னால் கேள்விப்பட்டேன். நான் போன இரவு பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் லாரி ஓட்டுநர்கள் சிலர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். கம்பளி போர்த்திய ஒரு கிழவர் ஜபமாலை உருட்டினார். அவ்வளவுதான் கூட்டம். விடிவதற்குள் மேல்தளத்துக்குப் போய்விட்டேன். கடல் கறுப்பாக இருந்தது. காற்றில் ஈரம் இருந்தாலும் போலோன்யாவின் எலும்பு குடைகிற குளிர் இல்லை. தளியிலும் ஜவளகிரியிலும் தை மாத விடியற்காலையில் அடிக்கிற அதே குளிர், அதே அளவு. கொஞ்ச நேரத்தில் வலப்பக்கம் ஒரு மலை இருட்டிலிருந்து பிரிந்து வந்தது. கடலிலிருந்து நேராக எழுந்து நிற்கும் பாறை மலை. மொன்தே பெல்லெக்ரீனோ. அதன் அடிவாரத்தில் விளக்குகள் அணையத் தொடங்கியிருந்தன. கடற்கரையே இல்லாத மாவட்டத்தில் பிறந்தவன் நான். எனக்கு ஒரு துறைமுகத்தை அடையாளம் காட்டியது ஒரு மலைதான் என்பதில் இன்றைக்கும் எனக்கு ஒரு சந்தோஷம்.

சீசன் இல்லாத காலத்தில் போனால் ஊர் செத்துக் கிடக்கும் என்று வடக்கில் பலர் சொல்லியிருந்தார்கள். ஒரு வகையில் அவர்கள் சொன்னது சரி. துறைமுகத்துச் சாலையில் இருந்த சிறிய ஹோட்டல்கள் சிலவற்றில் கதவு சாத்தியிருந்தது. ஐஸ்கிரீம் கடையின் வாசலில் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சங்கிலி போட்டிருந்தார்கள். மொந்தெல்லோ என்கிற கடற்கரைக்கு ஒரு பிற்பகல் பஸ் பிடித்துப் போனேன். கோடையில் அங்கே மணல் தெரியாதபடி மரக்குடில்களை வரிசையாக நிறுத்தி வாடகைக்கு விடுவார்களாம். குளிர்காலத்துக்கு அவற்றையெல்லாம் கழற்றிக் கொண்டுபோய்விட்டதால் வளைவான வெண்மணல் முழுசும் காலியாகக் கிடந்தது. ஓர் ஆள் நாயை நடத்திக்கொண்டு போனார். பள்ளிக்கூட விடுமுறைப் பிள்ளைகள் பந்து உதைத்தார்கள். மீன் பிடிக்கிறவர் ஒருவர் படகைக் கவிழ்த்துப் போட்டுச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார்.

அதைப் பார்த்தபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. எங்கள் ஊரிலும் வருஷத்தில் சில மாதம் வெளியாட்களுக்கு வேலை இல்லை. ஐப்பசியில் ராகி முற்றத் தொடங்கினால் பன்னேருகட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரிக் காட்டுக்குள் இறங்கும். மாசி வரைக்கும் தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று காடு மாறி மாறித் திரியும். அந்த மாதங்களில் பொழுது சாய்ந்தால் சொந்தக்காரர்கூட எங்கள் ஊருக்கு வரமாட்டார்கள். ஆனால் ஊர் ஊராக இருப்பதே அப்போதுதான். மரத்துமேல் பரண் கட்டி அப்பாவும் சித்தப்பாவும் காவலுக்குப் போவார்கள். தகரத்தைத் தட்டும் சத்தமும் வெடிச்சத்தமும் ஒரு கொல்லையிலிருந்து இன்னொரு கொல்லைக்குச் சேதி சொல்லும். வீட்டில் பெண்கள் கணப்பைச் சுற்றி உட்கார்ந்து, ஊறவைத்த அவரைக் கொட்டையைத் தோல் பிதுக்கி மறுநாள் குழம்புக்குப் பருப்பு எடுப்பார்கள். பிதுக்குப் பருப்புக் குழம்பும் ராகிக் களியும் மார்கழிக்கென்றே அமைந்த சாப்பாடு. அந்தப் பேச்சும் சிரிப்பும் வெயில் காலத்தில் விருந்துக்கு வருகிறவர்களுக்குக் கிடைக்காது. அதனால் காலியான மொந்தெல்லோ மணலில் நின்றபோது எனக்கு அந்த ஊர் மூடிக் கிடப்பதாகத் தோன்றவில்லை. உள்ளே கணப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், கதவைத் தட்டினால் திறப்பார்கள் என்றே தோன்றியது.

ஃபோர்மேனின் அம்மா வீடு பல்லரோச் சந்தைக்குப் பின்னால் இருந்தது. பல்லரோவைப் பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. ஆயிரம் வருஷத்துக்கு மேலாக நடக்கிற சந்தை என்கிறார்கள். வியாபாரிகள் விலையைச் சொல்வதில்லை, பாடுகிறார்கள். ஒருவர் இழுத்து விட்டால் எதிர்க்கடைக்காரர் அந்த இழுப்பை வாங்கிக்கொண்டு மேலே போவார். குளிர்காலமாதலால் உள்ளூர் ஆரஞ்சும் மாண்டரின் பழமும் மலையாகக் குவிந்திருந்தன. தோலோடு சுட்ட வெங்காயம், அண்டாவில் வெந்த ஆர்டிசோக் மொட்டு, வாள்மீனின் தலையை நிமிர்த்திவைத்த மீன்கடை. பயணிகள் யாரும் இல்லை. கூடை எடுத்துவந்த கிழவிகள்தான் கூட்டம். அங்கேதான் நான் சொன்ன பனெல்லே ரொட்டியை வாங்கித் தின்றேன். தின்றுவிட்டு, ஃபோர்மேன் எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டி வழி கேட்டுக் கேட்டு ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடிக்குப் போய் மணியை அடித்தேன்.

கதவைத் திறந்தவர் ஒரு பெண். சேலை இல்லை. தடித்த கம்பளிச் சட்டை, ஏப்ரன், நெற்றியில் சின்னப் பொட்டு. என்னை ஏற இறங்கப் பார்த்து இத்தாலிய மொழியில் ஏதோ கேட்டார். நான் ஃபோர்மேனின் பெயரைச் சொல்லிக் கேக்குப் பெட்டியை நீட்டினேன். அவருடைய கண் என் முகத்திலேயே நின்றது.

“தமிழோ?”

மாதக்கணக்காக என் வாய்க்கு வெளியே கேட்காத சத்தம். “ஆமாங்க” என்று சொல்லத்தான் நினைத்தேன். தொண்டை அடைத்துத் தலையை மட்டும் ஆட்டினேன்.

“உள்ளுக்கு வாங்கோ தம்பி. குளிருக்குள்ள நிக்காதேங்கோ. தேத்தண்ணி போடட்டோ?”

அக்கா பருத்தித்துறைப் பக்கம். எண்பதுகளின் கடைசியில் கணவரோடு இத்தாலிக்கு வந்தவர். 1983 கலவரத்துக்குப் பிறகு ஈழத்திலிருந்து கிளம்பியவர்களில் ஒரு பகுதியினர் பலெர்மோவில் இறங்கினார்கள். வீட்டு வேலை, முதியவர்களைப் பார்த்துக்கொள்வது, கட்டடக் காவல், துப்புரவு என்று கிடைத்த வேலையில் கால் ஊன்றினார்கள். ஒருவர் பின் ஒருவராக உறவுகள் வந்து, அந்தத் துறைமுகத்தில் சில ஆயிரம் தமிழர்கள் வேர்விட்டிருந்தார்கள். எனக்கு இதெல்லாம் அந்தச் சமையலறையில்தான் தெரியவந்தது. அக்கா என்னிடம் யாழ்ப்பாணத் தமிழிலும், கட்டிலில் சாய்ந்திருந்த கிழவியிடம் சிசிலிப் பேச்சிலும், தொலைபேசியில் யாரிடமோ சுத்தமான இத்தாலிய மொழியிலும் பேசினார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அவர் குரலில் தடுமாற்றம் இருக்கவில்லை. அதில் எனக்கு வியப்பு இல்லை. எங்கள் வீட்டுக்கு வலப்பக்கம் தெலுங்கு, எதிர்வீடு கன்னடம். பால் ஊற்றுகிறவரிடம் ஒன்று, ஆனேக்கல் சந்தைக்காரரிடம் ஒன்று, வீட்டுக்குள் ஒன்று பேசி வளர்ந்தவன் நான். வியப்பெல்லாம் அவர் ஊற்றிய தேநீரில் இருந்த இஞ்சியின் மேல்தான்.

கிழவியை அக்கா சிஞ்ஞோரா என்றே அழைத்தார். கேக்கைப் பார்த்ததும் அந்த அம்மா அழுதுவிட்டார். மகன் வராத கிறிஸ்துமஸ். பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினார். அக்கா நறுக்கிக்கொண்டிருந்த கத்தியை வைத்துவிட்டு, துண்டு துண்டாகத் தமிழில் சொன்னார்.

“இவ சொல்லுறா, முந்தி இந்த ஊரைச் சுத்தி முழுக்க எலுமிச்சந் தோட்டமாம். பூக்கிற காலத்தில கப்பலில வாறவைக்குக் கரை தெரியிறதுக்கு முதலே வாசம் வருமாம்.”

பலெர்மோவைச் சுற்றிய சமவெளியைப் பொற்கிண்ணம் என்று அழைத்திருக்கிறார்கள். அரபு ஆட்சியில் வந்த எலுமிச்சையும் நாரத்தையும், அவர்கள் கொண்டுவந்த வாய்க்கால் பாசனமும் அந்தச் சமவெளியைத் தோட்டமாக ஆக்கின. நூற்றாண்டுகள் நின்ற அந்தத் தோப்புகளை 1950களிலும் 60களிலும் அரசியல்வாதிகளும் ஒப்பந்தக்காரர்களும் மாஃபியாக் கூட்டமும் கைகோர்த்து அழித்தார்கள். அடுக்குமாடிகள் முளைத்தன. நகரத்தின் அழகான மாளிகைகளும் தப்பவில்லை. வில்லா தெலியெல்லா என்ற மாளிகையை 1959 நவம்பரில் ஒரு சனிக்கிழமை இடிக்கத் தொடங்கி இரவோடு இரவாகத் தரைமட்டமாக்கினார்கள். சிஞ்ஞோராவின் அப்பா அந்தத் தோப்புகளில் ஒன்றில் பழம் பறிக்கிற கூலி. தோப்பு போனதும் வேலை போயிற்று. வேலை போனதும் பிள்ளைகள் வடக்குக்குப் போனார்கள். எலுமிச்சை மரம் வெட்டியதற்கும் மகன் கிறிஸ்துமஸுக்கு வராமல் போனதற்கும் இடையில் அந்த அம்மா ஒரு கோட்டை விரலால் போர்வைமேல் வரைந்து காட்டினார்.

அப்போது எனக்கு அந்தக் கோடு முழுதாகப் புரியவில்லை. இன்றைக்குப் புரிகிறது. நான் பையனாக இருந்தபோது ஓசூரிலிருந்து தளிக்குப் போகிற சாலையில் இரண்டு பக்கமும் ராகியும் கொள்ளும் துவரையும்தான். எண்பதுகளில் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் டைட்டனும் வந்து எங்கள் தலைமுறைக்குச் சோறு போட்டன. நானும் அந்தச் சோற்றைத் தின்றவன்தான், அதை மறுக்க மாட்டேன். பிறகு பசுங்குடில்களில் ரோஜா வந்தது. காதலர் தினத்துக்கு ஓசூர் ரோஜா வெளிநாட்டுக்கு விமானம் ஏறியது. இப்போது அந்தப் பசுங்குடில் இருந்த இடங்களிலும் லேஅவுட் கல் நடுகிறார்கள். ஓசூர் 2019-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. அதிகாலையில் கம்பெனி பஸ்கள் எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு வந்து பெண்பிள்ளைகளை மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு ஏற்றிப்போகின்றன. படித்த பிள்ளைகள் சம்பாதிப்பது நல்லதுதான். ஆனால் ராகிக் கொல்லை வைத்திருக்கிறவர்கள் ஒவ்வொருவராக விற்றுக்கொண்டே போகிறபோது, போர்வைமேல் ஓடிய அந்த விரல் எனக்குத் தெரிகிறது.

இன்னொரு நாள் சிஞ்ஞோரா போர்க்காலத்தைப் பேசினார். 1943 மே மாதம் நேசநாட்டு விமானங்கள் துறைமுகத்தின்மேலும் பழைய நகரத்தின்மேலும் குண்டு போட்டபோது தங்கையை இழுத்துக்கொண்டு நிலவறைக்குள் ஓடியதை. அக்கா அதை மொழிபெயர்த்துக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்திவிட்டார். “எங்கட வீட்டு வளவுக்குள்ளயும் பங்கர் வெட்டியிருந்தனாங்கள் தம்பி” என்றார். அக்காவின் அம்மாவும் அப்பாவும் 1995 ஐப்பசி இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர்கள். வன்னியிலிருந்து அவர்கள் எழுதும் கடிதம் வந்துசேர மாதக்கணக்காகும். அடுப்பங்கரைச் சுவரில் சாந்தா ரோசாலியா என்ற புனிதையின் படமும் நல்லூர்க் கந்தனின் படமும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தன. இரண்டு படத்துக்கும் நடுவில் ஒரு கடித உறை செருகியிருந்தது. கடைசியாக வந்த கடிதம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு ரோசாலியாவின் குகைக்கு மலையேறினேன். அக்காவின் கணவரான அண்ணன், அக்கா, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், வழியில் சேர்ந்துகொண்ட இன்னும் சில தமிழ்க் குடும்பங்கள். மொன்தே பெல்லெக்ரீனோ அறுநூறு மீட்டர் உயரம். அடிவாரத்திலிருந்து கல் பாவிய பழைய பாதை வளைந்து வளைந்து மேலே போகிறது. நல்ல தூறல். சிசிலிக்கு மழை குளிர்காலத்தில்தான், கோடையில் சொட்டுத் தண்ணீர் விழாது. அதனால் படங்களில் காய்ந்து பழுப்பாகத் தெரிகிற அந்த மலை நான் போனபோது பச்சைப் பசேல் என்றிருந்தது. பாதையோரத்தில் சப்பாத்திக்கள்ளி புதர் புதராக. எங்கள் கொல்லைகளுக்கு வேலியாக நிற்கிற அதே கள்ளி. அக்காவின் சின்ன மகன் ஒவ்வொரு வளைவிலும் நின்று துறைமுகத்தில் எத்தனை கப்பல் என்று எண்ணிச் சொன்னான். பெரியவர்களில் சிலர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை, வேண்டுதல் அவரவருக்குள்.

ரோசாலியா பிரபு குலத்தில் பிறந்து, பன்னிரண்டாம் நூற்றாண்டில் எல்லாவற்றையும் துறந்து இந்த மலைக் குகையில் தனியாக வாழ்ந்தவள் என்பது ஐதிகம். 1624-ல் கொள்ளைநோய் பலெர்மோவைத் தின்றுகொண்டிருந்தபோது குகையில் அவளுடைய எலும்புகள் கிடைத்தன. அடுத்த வருஷம் அவற்றைத் தெருக்களில் ஊர்வலமாகக் கொண்டுபோனதும் நோய் தணிந்தது என்று ஊர் நம்புகிறது. ஜூலையில் அவளுக்குப் பெரிய திருவிழா. நகரமே தெருவில் நிற்கும். நான் பார்த்தது அந்தக் கூட்டம் இல்லாத குகை.

கோயில் முகப்பைக் கடந்தால் மேலே கூரை இல்லை, பாறைதான். பாறையிலிருந்து சொட்டும் நீர் பக்தர்களின் தலையில் விழாதபடி தகரக் கால்வாய்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பொருத்தி, ஓரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். மழை நாளாதலால் அந்தத் தகரங்கள் எல்லாம் ஒலித்துக்கொண்டிருந்தன. கண்ணாடிக்குள் தங்க ஆடை உடுத்திய ரோசாலியா சாய்ந்து படுத்திருந்தாள். சுவர் முழுதும் வெள்ளித் தகட்டில் அடித்த கண், கை, கால், நெஞ்சு. சமயபுரத்தில் நான் பார்த்த அதே உருவத் தகடுகள். அவற்றுக்கு நடுவில் குழந்தைகளின் போட்டோக்கள். அக்கா மெழுகுவத்தி ஏற்றினார். ஏற்றிவிட்டு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார், முருகனுக்குக் கும்பிடுவதைப்போலவே. பக்கத்தில் ஒரு பலெர்மோக் கிழவி முழந்தாளிட்டிருந்தாள். எழுந்திருக்கும்போது அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் தெரிந்தவர்களா என்று பிறகு கேட்டேன்.

“இல்லைத் தம்பி. மலைக்கு வாற ஆக்கள் எல்லாருக்கும் ஏதோ ஒரு கவலை. இவவும் எங்கட அம்மன்தான். சைவமோ வேதமோ எண்டு இவ கேக்கிறேல்லை.”

கீழே இறங்கி வந்ததும் வெளியில் ஒரு மரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, சம்பல். ஆள் ஆளுக்கு என் தட்டில் வைத்தார்கள். ஒருவரும் நான் எவ்வளவு நாள் இருப்பேன் என்று கேட்கவில்லை, எப்போது சாப்பிட்டேன் என்றுதான் கேட்டார்கள்.

புத்தாண்டன்று அண்ணன் என்னைத் தொலைபேசி நிலையத்துக்கு அழைத்துப்போனார். எங்கள் ஊரில் அப்போது இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டு, அப்பாவைக் கூப்பிட்டுவரச் சொல்லி வைத்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி போட வேண்டும். அப்பா மூச்சிரைக்க வந்து எடுத்தார். முதல் நாள் இரவு யானை வந்து ராகிப் போரைக் கலைத்துவிட்டுப் போனதைச் சொன்னார். பாதிப் போர் மிஞ்சியது, ஆளுக்கு ஒன்றும் இல்லை. அன்று மாலை அக்கா இதைச் சிஞ்ஞோராவுக்குச் சொன்னபோது அந்த அம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். யானை எவ்வளவு உயரம், எத்தனை மணிக்கு வரும், உன் அப்பா எங்கே ஒளிந்துகொள்வார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பரணைப் படம் வரைந்து காட்டினேன். இரவு ஜபத்தில் ரோசாலியாவிடம் ஜவளகிரியின் மிச்ச ராகிக்காகவும் வேண்டிக்கொண்டதாக மறுநாள் அக்கா சொன்னார்.

ஸீசா அரண்மனைக்கும் ஒரு நாள் போனேன். நார்மன் அரசர்கள் அரபுக் கைவினைஞர்களை வைத்துக் கட்டிய கோடை அரண்மனை. குளிர்காலத்தில் காவலர் ஒருவரும் நானும்தான் உள்ளே. அங்கே ஒரு கல்வெட்டு இருக்கிறது. இரண்டாம் ரோஜர் மன்னனின் அரண்மனைக் குரு தன் தாய் அன்னாவுக்காக 1149-ல் செய்துவைத்த கல்லறைக் கல். ஒரே சேதியை லத்தீன், கிரேக்கம், அரபு ஆகியவற்றோடு எபிரேய எழுத்தில் எழுதிய அரபிலும் பொறித்திருக்கிறார்கள். ஒரு மகன் தன் அம்மா இறந்ததை ஊரில் உள்ள எல்லாருக்கும் அவரவர் எழுத்தில் சொல்ல விரும்பியிருக்கிறான். எங்கள் மாவட்டத்துக் காடுகளில் கிடக்கும் நடுகற்களில் தமிழும் இருக்கிறது, கன்னடமும் இருக்கிறது. ஆநிரை மீட்டுச் செத்தவனுக்கு ஊர் வைத்த கல். அந்த ஸீசாக் கல்லின் முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். அதே ரோஜர் மன்னன்தான் அல் இத்ரீசி என்ற அறிஞரை வைத்து உலகப் புவியியல் நூல் ஒன்றை எழுதவைத்தான். 1154-ல் முடிந்த அந்த நூலில் சரந்தீப் என்ற பெயரில் இலங்கையும் இடம்பெற்றிருக்கிறது. அந்தத் தீவைப் பற்றி எண்ணூறு வருஷத்துக்கு முன்னாலேயே எழுதிவைத்த ஊருக்குத்தான் அக்கா பிழைக்க வந்திருக்கிறார்.

ஊர் திரும்பிய பிறகு கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம். சிஞ்ஞோரா இறந்த சேதி ஒரு ஏரோகிராமில் வந்தது. கடைசி நாட்களில் மகன் வந்து கூட இருந்தார் என்று அக்கா எழுதியிருந்தார். வன்னியிலிருந்த பெற்றோரில் அப்பாவை அவர்கள் மறுபடி பார்க்கவேயில்லை. 2009-க்குப் பிறகு அம்மா மட்டும் கிடைத்தார். பலெர்மோவில் குடியேறியவர்கள் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் ஆலோசனை மன்றம் ஒன்றை 2013-ல் நகராட்சி அமைத்தபோது அக்கா வாக்களித்துவிட்டுப் போன் செய்தார். வாழ்க்கையில் முதல் முறை பயமில்லாமல் போட்ட வாக்கு என்றார். அதற்கு இரண்டு வருஷம் கழித்து அரபு நார்மன் கட்டடங்களை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். இப்போது குளிர்காலத்திலும் பயணிகள் வருகிறார்களாம், பல்லரோவில் கிழவிகளுக்குக் கூடையோடு நடக்க இடமில்லையாம். எங்கள் பக்கமும் அப்படித்தான் மாறிவருகிறது. ஜவளகிரிக் காடு 2014-லிருந்து காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தின் பகுதி. பெங்களூர்க்காரர்கள் காட்டோரத்தில் பண்ணைவீடு வாங்கி, மார்கழிக் குளிருக்கென்றே சனி ஞாயிறு வருகிறார்கள். பரண்கள் அநேகமாகப் போய்விட்டன. அவரைப் பருப்பைப் பிதுக்கிப் பொட்டலமாகவே ஓசூரில் விற்கிறார்கள்.

எங்கள் தெருப் பையன் ஒருவன், டூல் டிசைன் படித்தவன், வருகிற டிசம்பரில் கம்பெனி வேலையாக இத்தாலி போகிறான். நான் போண்டாக் கடையில் நின்றிருந்த அன்றுதான் வந்து கேட்டான். “பெரியப்பா, கிறிஸ்துமஸுக்கு அங்க லீவு விட்டுடுவாங்களாம். எங்கயாச்சும் போலாம்னா எல்லா ஊரும் ஆஃப் சீசன்னு போட்டிருக்கு.” அவனைக் கடை பெஞ்சில் உட்காரவைத்து விவரமாகச் சொன்னேன். விமானத்தில் போகாதே, நேப்பிள்ஸிலிருந்து இராத்திரிக் கப்பல் ஏறு. விடிவதற்குள் மேல்தளத்துக்குப் போய் வலப்பக்கம் நில். அக்கா வீட்டு நம்பர் வாங்கித் தருகிறேன், அம்மாவிடம் சொல்லிக் கொஞ்சம் அவரைக் கொட்டை காயவைத்து எடுத்துக்கொண்டு போ, அவருக்குப் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மலையேறக் கூப்பிடுவார்கள், மறுக்காதே. நல்ல பூட்ஸாகப் போட்டுக்கொள், அந்தக் கல்பாதை மழையில் வழுக்கும்.